நாவல் அலமாரிக்கு வெளியே ஆறு புத்தகங்கள்

நாவல், சிறுகதை, கவிதை என்றே பழகிய கண் வேறு துறைப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் ஆளைத்தான் தேடும். யார் நாயகன், யார் வில்லன், திருப்பம் எங்கே? பதிப்பகங்களுக்கும் இது தெரியும். அறிவியல், பொருளாதாரப் புத்தகங்களின் பின்னட்டையில் 'நாவலைப் போல விறுவிறுப்பானது' என்று தவறாமல் போட்டுவிடுகிறார்கள். கடந்த ஓராண்டில் இலக்கியத்துக்கு வெளியே படித்தவற்றில் தேறிய ஆறு புத்தகங்கள் இவை. ஆறிலும் பலம் பொருளில் இருக்கிறது: இரும்புப் பெட்டி, கடிகாரம், உப்பு, ஒரு பக்கத் தாள், வைக்கோல், கதவு. பொருளை விட்டுவிட்டு ஆளைச் சுற்றிக் கதை கட்டத் தொடங்கும் பக்கங்களில்தான் இவை சறுக்குகின்றன. அந்தப் பக்கங்கள் எவை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மார்க் லெவின்சனின் 'தி பாக்ஸ்' இந்த ஆறில் தலை. சரக்குக் கன்டெய்னரின் வரலாறு. 2006இல் வந்தது, 2016இல் விரிவாக்கிய பதிப்பு வந்தது, வாங்குவதானால் அதையே வாங்குங்கள். பொருளைக் கேட்டதும் கொட்டாவி வரலாம். ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு கணக்கு வருகிறது. 1954இல் 'வாரியர்' என்ற கப்பல் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரெமர்ஹாஃபனுக்குச் சுமார் 5,000 டன் சரக்கைக் கொண்டுபோனது. மூட்டை, பெட்டி, பீப்பாய், வண்டி எல்லாம் சேர்த்து 1,94,582 உருப்படிகள். ஒவ்வொன்றையும் ஆள் தொட்டுத் தூக்க வேண்டும். சரக்கு அசையாமல் இருக்க முட்டுக் கொடுத்த பலகைக்கும் கயிற்றுக்கும் மட்டும் 5,031 டாலர். அட்லாண்டிக்கைக் கடந்ததற்கு ஆன செலவோ மொத்தத்தில் 11.5 சதவீதம்தான். காசைத் தின்றது கடலல்ல, கரை. இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்துவிட்டால் மீதிப் புத்தகம் தானாக ஓடும்.

மால்கம் மக்லீன் லாரித் தொழிலில் இருந்தவர். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர், ஐடியல் எக்ஸில் 15.8 சென்ட். எல்லாக் கட்டுரைகளிலும் மேற்கோளாக வரும் எண் இது. அந்த 15.8 சென்ட் மக்லீனின் ஆட்களே போட்ட கணக்கு என்பதை மறந்துவிட வேண்டாம்.

லெவின்சனை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. கன்டெய்னரை மக்லீன் 'கண்டுபிடித்தார்' என்ற கதையை அவர் ஏற்பதில்லை. ரயில் கம்பெனிகளும் கப்பல் கம்பெனிகளும் அதற்கு முன்பே பல வகைப் பெட்டிகளை வைத்துப் பார்த்துச் சலித்திருந்தன. பெட்டியை மட்டும் மாற்றினால் போதாது; கப்பல், கிரேன், லாரியின் சேஸிஸ், துறைமுகத்தின் நிலப்பரப்பு, தொழிற்சங்க ஒப்பந்தம், கட்டண விதி எல்லாம் ஒன்றாக மாற வேண்டும் என்று புரிந்துகொண்டதுதான் மக்லீனின் பங்கு.

ஏழாம் அத்தியாயம் தர நிர்ணயத்தைப் பற்றியது. விமர்சனங்களில் பலர் இதைத்தான் 'இழுவை' என்று சொல்வார்கள். என் கணக்கில் புத்தகத்தின் உச்சம் இதுதான். மக்லீனின் பெட்டி 35 அடி, அந்தப் பக்கத்து நெடுஞ்சாலைகள் அனுமதித்த நீளம். ஹவாய்க்குச் சரக்கு ஓட்டிய மாட்சன் கம்பெனியின் பெட்டி 24 அடி, அவர்களுடைய சரக்கை அலசி எடுத்த அளவு. தர நிர்ணயக் கமிட்டி கூடி 10, 20, 30, 40 என்று முடிவு செய்தது. உண்மையில் கடலில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு அளவும் பட்டியலிலேயே இல்லை! அடுத்த சண்டை மூலைக்கு. பெட்டியின் எட்டு மூலைகளிலும் வார்ப்பு எஃகுத் துண்டு, அதில் நீள்வட்டத் துளை. துளைக்குள் ட்விஸ்ட்லாக் என்ற பூட்டின் தலை நுழைந்து திரும்பினால் பூட்டிக்கொள்ளும். ஒரு கம்பெனியின் மூலை இன்னொரு கம்பெனியின் கிரேனுக்குப் பொருந்தாவிட்டால் மொத்த ஏற்பாடும் வீண். மக்லீனின் முன்னாள் பொறியாளர் கீத் டான்ட்லிங்கர் காப்புரிமையை விட்டுத்தரச் சம்மதம் வாங்கியதும், கமிட்டி ஏற்றுக்கொண்ட வடிவம் பிறகு சோதனையில் தாங்காமல் போய் மறுபடி திருத்தியதும் விவரமாக இருக்கின்றன. தூத்துக்குடியில் ஏற்றிய பெட்டி கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி ராட்டர்டாமில் லாரியில் உட்காருவது இந்த மூலைத் துண்டை நம்பித்தான்.

பதினோராம், பன்னிரண்டாம் அத்தியாயங்களைத் தாண்டிவிட வேண்டாம். மக்லீன் 33 நாட் (மணிக்குச் சுமார் 61 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடும் எட்டுக் கப்பல்களைக் கட்டச் செய்தார். எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும் ரகம். 1973இல் எண்ணெய் விலை ஏறியது. கடைசியில் அவை அமெரிக்கக் கடற்படைக்குப் போயின. அடுத்த சுற்றில், எண்ணெய் இனி விலை இறங்காது என்று எண்ணி, மெதுவாக ஓடும் பிரம்மாண்டக் கப்பல்கள் பன்னிரண்டு. எண்ணெய் விலை சரிந்தது. 1986இல் கம்பெனி திவால். ஒரே ஆள் இரண்டு எதிர்த்திசைகளில் தோற்ற கதையை லெவின்சன் இரக்கமோ ஏளனமோ இல்லாமல் எழுதியிருக்கிறார். குறை என்றால் படங்கள் போதாது. ட்விஸ்ட்லாக் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு ஏழாம் அத்தியாயத்துக்குள் போனால் நேரம் மிச்சம். நியூயார்க் துறைமுக அரசியலைப் பேசும் ஐந்தாம் அத்தியாயத்தை வேகமாகப் புரட்டலாம்.

டாவா சோபெலின் 'லாங்கிட்யூட்' (1995) இதற்கு நேர் எதிர். ஒரே அமர்வில் முடியும் சின்னப் புத்தகம். படிக்கும் முன் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது, அதாவது 4 நிமிடத்துக்கு ஒரு பாகை. புறப்பட்ட ஊரின் நேரத்தைக் காட்டும் கடிகாரம் கப்பலில் இருந்தால், சூரியன் உச்சிக்கு வரும்போது அதைப் பார்த்துக் கழித்தால் தீர்க்கரேகை கிடைத்துவிடும். கடிகாரம் 4 நிமிடம் பிசகினால் நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டர் தள்ளி நிற்போம். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714இல் அறிவித்த 20,000 பவுன் பரிசுக்கு அரைப் பாகைக்குள் துல்லியம் வேண்டும். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் ஆறு வாரப் பயணத்தில் மொத்தம் 2 நிமிடம்தான் சலுகை. நாளுக்கு மூன்று வினாடிக்குக் கொஞ்சம் குறைவு.

கடலில் கடிகாரம் ஏன் பிசகும்? கப்பல் ஆடினால் ஊசல் குழம்பும். வெயிலில் உலோகம் நீளும். எண்ணெய் குளிரில் கெட்டியாகி வெப்பத்தில் இளகும். தச்சராக இருந்து கடிகாரத்துக்கு வந்த ஜான் ஹாரிசன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து கண்டார். பித்தளையும் எஃகும் வெவ்வேறு அளவில் நீள்வதால், இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கரைக் கடிகாரத்துக்குச் செய்த ஊசலில் ஒன்றின் நீட்சி மற்றதை ஈடுகட்டும். தானே எண்ணெய் கசியும் லிக்னம் விட்டே மரத்தில் உருளைகள் செய்தால் எண்ணெயே போட வேண்டாம். முதல் கடிகாரம் சுமார் 34 கிலோ. நான்காவது உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிது, ஒன்றரைக் கிலோ. 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட பயணத்தில் 81 நாளில் அது பின்தங்கியது ஐந்து வினாடி.

இந்த இயந்திரங்களைச் சோபெல் தொட்டுத் தொட்டுத்தான் விளக்குகிறார். படமில்லாத பழைய பதிப்பில் பாதி புரியாது. 1998இல் வந்த படங்களுடன் கூடிய பதிப்பைத் தேடி வாங்குங்கள். பெரிய குறை வேறு. ஹாரிசனுக்கு எதிராக வானியலாளர் நெவில் மாஸ்கலினை அப்பட்டமான வில்லனாக்கிவிடுகிறார். நிலவுக்கும் விண்மீனுக்கும் இடையில் வானில் தெரியும் கோணத்தை அளந்து தீர்க்கரேகை காணும் முறையும் வேலை செய்தது. மாஸ்கலின் 1767 முதல் வெளியிட்ட பஞ்சாங்கம், மாலுமியின் பல மணி நேரக் கணக்கை அரைமணிக்கு இறக்கியது. ஹாரிசனின் நான்காவது கடிகாரத்தைப் பார்த்து லார்கம் கெண்டால் செய்த நகலுக்கு 500 பவுன் ஆனது. அந்த விலைக்கு எல்லாக் கப்பலிலும் கடிகாரம் வைக்க முடியாது. ஆக, நெடுங்காலம் இரண்டு முறையும் சேர்ந்தே ஓடின. மாஸ்கலின் வரும் அத்தியாயங்களைக் கட்சிக்காரர் எழுதிய வழக்குரையாக வைத்துப் படித்தால் புத்தகம் கெடாது.

சமின் நோஸ்ரத்தின் 'சால்ட் ஃபேட் ஆசிட் ஹீட்' (2017) சமையல் புத்தகம் என்று பெயர். முதல் பாதியில் செய்முறையே கிடையாது. உப்பு, கொழுப்பு, புளிப்பு, சூடு என்ற நான்கும் உணவுக்குள் என்ன செய்கின்றன என்ற விளக்கம் மட்டும். அந்தப் பாதிக்காகவே வாங்கலாம். அவர் தரும் பொது அளவு எளிது: இறைச்சி, காய், தானியம் எதற்கும் எடையில் 1 சதவீதம் உப்பு; காயோ பாஸ்தாவோ வேகும் தண்ணீருக்கு 2 சதவீதம். ஒரு கிலோ கோழிக்கு 10 கிராம். எடையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஸ்பூனில் ஒரு பிராண்டு உப்பு இன்னொன்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கரிக்கும் என்று அமெரிக்க உப்புகளை வைத்துக் காட்டுகிறார். நம் வீட்டில் தூளுப்புக்கும் கல்லுப்புக்கும் இதே பிரச்சினைதான். கல் பெரிதாக இருந்தால் ஸ்பூனுக்குள் இடைவெளி கூடும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் புத்தகத்தில் பாதி கைக்கு வந்துவிடும். பெரிய துண்டுக்கு முந்தின நாளே உப்புத் தடவச் சொல்கிறார். உப்பு உள்ளே இறங்க நேரம் வேண்டும், இறங்கிய பிறகு புரதம் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். கடைசி நிமிடத்தில் தூவினால் மேல் கரிக்கும், நடு சப்பென்றிருக்கும்.

புளிப்பு பற்றிய பகுதி தமிழ்ச் சமையலுக்கு நேராக உதவும். புளிப்பு சேர்ந்தால் காயும் பருப்பும் மெதுவாகத்தான் மெத்தென்று ஆகும், காயின் செல்களை ஒட்டிவைக்கும் பெக்டின் கரைய மறுப்பதால். பருப்பை வேகவைத்த பிறகே புளிக்கரைசல், காய் முக்கால் பதம் வந்த பிறகே புளி என்று பாட்டிமார் சொன்னதற்கு இதுதான் காரணம். இதையே திருப்பியும் பயன்படுத்தலாம். கொதித்துக் குழையக்கூடிய காயானால் புளியை முன்கூட்டி விட்டால் உருக்குலையாது.

இரண்டாம் பாதியின் செய்முறைகள் அப்படியே இறங்காது. பெயர்பெற்ற மோர்க் கோழியை எடுத்துக்கொள்வோம். அங்கே 'பட்டர்மில்க்' என்பது புளிக்கவைத்த கெட்டித் திரவம். நம் நீர்மோரை ஊற்றினால் கோழியில் ஒட்டாமல் வழிந்துவிடும். கெட்டித் தயிரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடித்துக்கொள்ளுங்கள். கடையில் தோலோடு வேண்டும் என்று சொல்லி வாங்க வேண்டும். தோலை உரித்த கோழி ஓவனில் காய்ந்து போகும். புத்தகத்தைக் காகிதத்திலேயே வாங்குங்கள். வெண்டி மக்நாட்டன் வரைந்த வட்ட வரைபடங்களைச் சின்னத் திரையில் படிக்க முடியாது.

அறுவைசிகிச்சை மருத்துவர் அதுல் கவாண்டேயின் 'தி செக்லிஸ்ட் மானிஃபெஸ்டோ' (2009) நீளமான கட்டுரையாகவே இருந்திருக்கலாம். இருந்தும், வேலைத்தலத்துக்கு உடனே எடுத்துப்போகக்கூடியது இதுதான். 1935இல் போயிங்கின் புது விமானம் சோதனைப் பறப்பில் விழுந்தது. இயந்திரக் கோளாறு இல்லை. வால்பகுதிக் கட்டுப்பாடுகளின் பூட்டை விமானி எடுக்க மறந்திருந்தார். அதிலிருந்து வந்தது விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியல். அதை அறுவைசிகிச்சை அறைக்குக் கொண்டுவந்ததுதான் கவாண்டேயின் வேலை. உலக சுகாதார நிறுவனத்துக்காகத் தயாரித்த பட்டியலில் 19 அம்சங்கள். மயக்கமருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அறையை விட்டுப் போகும் முன் என மூன்று நிறுத்தங்கள். புதுதில்லி, மணிலா, டொரன்டோ உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பார்த்தபோது பெரிய சிக்கல்கள் 36 சதவீதமும் இறப்பு 47 சதவீதமும் குறைந்தன.

நல்ல பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று போயிங் நிபுணர் ஒருவரிடம் கேட்டு எழுதிய ஆறாம் அத்தியாயம் மட்டும் படித்தாலும் போதும். ஒரு நிறுத்தத்துக்கு ஐந்திலிருந்து ஒன்பது அம்சம். 60 முதல் 90 வினாடிக்குள் முடிய வேண்டும். தாண்டினால் ஆட்கள் குறுக்குவழி தேடுவார்கள். ஒரே பக்கம். இரண்டு வகை உண்டு: வேலையை முடித்துவிட்டு நின்று சரிபார்ப்பது ஒன்று, ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே செய்வது மற்றது. எந்த வகை என்று முதலிலேயே தீர்மானிக்காவிட்டால் குழப்பம். எல்லாரும் மறக்காமல் செய்வதைப் பட்டியலில் போடக் கூடாது. மறந்தால் ஆபத்து, ஆனாலும் மறந்துபோகிறது என்பவை மட்டுமே. நம் அலுவலகப் படிவங்கள் தோற்பது இங்கேதான். நாற்பது கட்டம் இருக்கும், எல்லாவற்றிலும் மாலையில் மொத்தமாக டிக் விழும்.

புத்தகத்தின் வெற்றிக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மருத்துவமனைகள் இந்தப் பட்டியலைக் கட்டாயமாக ஏற்றபின் 2014இல் வந்த ஆய்வு, 101 மருத்துவமனைகளில் இறப்பிலோ சிக்கலிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணவில்லை. தாள் ஒன்றுதான், எட்டு மருத்துவமனைகளில் பயிற்சியோடும் கண்காணிப்போடும் வந்தது, ஒன்டாரியோவில் உத்தரவாக வந்தது. வித்தியாசம் அதிலா என்று இன்னும் வாதிக்கிறார்கள். 2009இல் எழுதியவர் 2014ஐச் சொல்லியிருக்க முடியாது; இப்போது படிக்கிறவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஜப்பானிய விவசாயி மசனோபு ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' தமிழில் கிடைக்கிறது; ஆறில் அதிகம் கொண்டாடப்பட்டதும் அதிகம் தவறாகப் படிக்கப்பட்டதும் இதுதான். உழவு, உரம், களையெடுப்பு, பூச்சிக்கொல்லி நான்கும் வேண்டாம் என்ற கோட்பாட்டைப் பலர் 'சும்மா விட்டால் விளையும்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்பாவின் பழத்தோட்டத்தைக் கவாத்து செய்யாமல் விட்டதில் கிளைகள் பின்னி, பூச்சி விழுந்து, மரங்கள் செத்ததை அவரே எழுதியிருக்கிறார். கைவிடுவது இயற்கை விவசாயம் ஆகாது என்பது அவர் வாக்கு. அவருடைய நெல் முறை மிக நுணுக்கமான கால அட்டவணை: அக்டோபரில் நிற்கும் நெல்லுக்குள்ளேயே வெள்ளைக் குளோவர் என்ற பயறுவகைச் செடி, பிறகு குளிர்கால பார்லி, நெல் அறுத்தபின் களிமண் உருண்டையில் அடுத்த ஆண்டு விதைநெல், மேலே வெட்டாத வைக்கோல், ஜூனில் கொஞ்ச நாள் நீர் கட்டிக் களையை ஒடுக்குதல்.

இது ஷிகோகு தீவின் குளிரை நம்பிய அட்டவணை. குளிர்காலம் முழுக்க உருண்டைக்குள் உறங்கி வசந்தத்தில் முளைக்கும் விதை அது. காவிரிப் படுகையின் சூட்டில் ஈரம் பட்டதுமே முளைத்துவிடும். வெள்ளைக் குளோவர் நம் வெப்பத்தில் நிலைக்காது, வேறு பயறுச்செடி வேண்டும். இங்கே வைக்கோல் மாட்டுத் தீவனம், அதை நிலத்தில் விரிப்பதற்கு விலை இருக்கிறது. இவற்றைக் கழித்த பிறகும் மூடாக்குப் பற்றிய பக்கங்களும் உருண்டை செய்யும் பக்கங்களும் பயன்படும். ஊறிய விதையைக் களிமண்ணில் பிசைந்து கம்பி வலை வழியே தள்ளி, ஓரிரு நாள் உலர்த்தி, ஒரு சென்டிமீட்டர் உருண்டையாக்குகிறார். உருண்டைக்கு ஒரு விதை இருப்பதே நல்லது என்கிறார். எலுமிச்சை அளவில் உருட்டி ஐந்தாறு விதையைத் திணிக்கும் நம் விதைப்பந்துகளில் முளைத்த கன்றுகள் ஒன்றோடொன்று சண்டை போடும். கடைசிப் பகுதியில் வரும் உணவுத் தத்துவத்தை விட்டுவிடலாம்.

டொனால்ட் நார்மனின் 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' 1988இல் வேறு தலைப்பில் வந்தது. 2013இல் திருத்திய பதிப்பையே வாங்குங்கள், எடுத்துக்காட்டுகள் புதியவை. இழுக்க வேண்டிய கதவைத் தள்ளுவதும், சதுரமாக நாலு பர்னர் இருக்கும் அடுப்பில் வரிசையாக நாலு திருகு இருப்பதால் தப்பான பர்னர் எரிவதும் நம் முட்டாள்தனம் இல்லை, வடிவமைப்பின் பிழை என்பதே மொத்த வாதம். முதல் அத்தியாயம், அடுப்பு வரும் மூன்றாம் அத்தியாயம், மனிதப் பிழை பற்றிய ஐந்தாம் அத்தியாயம் இந்த மூன்றும் போதும். நடுவில் சொன்னதையே திரும்பச் சொல்கிறார். கடைசி இரண்டும் பொருள் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு.